காத்திருப்பவர் கணக்கு



தலைமையுரை என்றால் துறையின் வரலாறு கொஞ்சம், அதன் வளர்ச்சி கொஞ்சம், கடைசியில் இளைய ஆய்வாளர்களுக்கு அறிவுரை என்று ஒரு மரபு இருக்கிறது. வரலாற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். அறிவுரை உங்களுக்கு வேறு இடங்களில் போதுமான அளவு கிடைக்கும். வழங்கல் சங்கிலிகளுக்கும் உற்பத்தி அமைப்புகளுக்கும் உகப்பாக்க முறைகளைப் பயன்படுத்துவது பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு மனத்தாங்கல். அதை மட்டும் சொல்கிறேன்.

மாநாட்டுக் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். சாம்பல் ஓநாய், திமிங்கிலம், வௌவால், குயில், எறும்பு, மின்மினி என்று உயிரினங்களின் பெயர் சூட்டிய வழிமுறைகள் வரிசையாக வருகின்றன. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. இந்தப் போக்கைப் பெல்ஜிய ஆய்வாளர் கென்னத் சோரென்சன் 2015-இல் ஒரு கட்டுரையில் கடுமையாகச் சாடினார். விலங்கின் பெயரைக் கழற்றிவிட்டால் உள்ளே பெரும்பாலும் பழைய வழிமுறைதான் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் என் மனத்தாங்கல் விலங்குகள் மேல் இல்லை, அவற்றுக்கு நாம் போடும் தீனி மேல். எரிக் தைலார் 1993-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனைக் கணக்குகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம், 1-க்கும் 99-க்கும் இடையே கணினி எடுத்துப் போட்ட ஓர் எண். வழிமுறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் செய்தது அது. அந்த வேலைக்கு நல்ல கருவி. அதைத் தீர்த்துவிட்டு ஒரு தொழிற்சாலையைத் தீர்த்துவிட்டதாக முடிவுரை எழுதுகிறோமே, அங்கேதான் வழுக்குகிறோம்.

கணக்குப் போடும் வலிமை இன்று நமக்குத் தடையே இல்லை. ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கிற மிக மலிவான உணவு எது என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் ஒரு கணக்கை எழுப்பினார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். ஊகத்தாலும் பொறுமையாலும் ஆண்டுக்கு 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார். 1947-இல் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க அதே கணக்கை எடுத்தார்கள். மேசைக் கணிப்பான்களோடு எழுத்தர்கள் உட்கார்ந்து, 120 ஆள்நாள் உழைத்து, 39.69 டாலர் என்று கண்டார்கள். 24 சென்ட் லாபம். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அதைக் கண்ணிமைக்கும் முன் போட்டுவிடும். நம் நாட்டவர் நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் தந்த உட்புள்ளி முறைக்குப் பிறகு, லட்சக்கணக்கான மாறிகள் உள்ள நேரியல் கணக்குகளும் மிரட்டுவதில்லை.

டான்ட்சிக் பின்னாளில் தம் உடல் எடையைக் குறைக்க அதே முறையை நாடினார். வயிறு நிறைந்த உணர்வைப் பெருக்க வேண்டும் என்பது அவர் வைத்த குறிக்கோள். கணினி அவரை நாளொன்றுக்குப் பல நூறு காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை நீக்கினார். அடுத்து 200 சூப்புக் கட்டிகளைச் சாப்பிடச் சொன்னது. உப்புக்கு மேல்வரம்பு வேண்டும் என்று அதுவரை யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. கணினி நம் மனத்தைப் படிப்பதில்லை, நாம் எழுதியதைத்தான் படிக்கிறது.

இது வீட்டில் நடந்தால் வேடிக்கை. ஆலையில் நடந்தால்? நேரியல் திட்டமிடலை 1939-இலேயே கண்டறிந்தவர் லெனின்கிராடின் காண்டரோவிச். அதற்காக 1975-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரின் யெகோரோவ் ரயில்பெட்டி ஆலையில் இரும்புத் தகட்டை வீணாகாமல் வெட்டும் திட்டத்தை அவருடைய முறையில் வகுத்தார்கள். கழிவு குறைந்தது. உடனே ஆலை ஒரு புதிய சிக்கலில் மாட்டியது: பழைய இரும்பு இத்தனை டன் ஒப்படைக்க வேண்டும் என்று மேலிடம் வைத்திருந்த இலக்கை எட்ட முடியவில்லை! வெட்டும் திட்டத்தில் பிழை ஏதும் இல்லை. மேலே ஒருவர் வேறொரு குறிக்கோளை எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இப்போது நாம் கூடியிருக்கும் தஞ்சைக்கு வருகிறேன். குறுவை 110 அல்லது 115 நாள் பயிர். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை குவியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அட்டவணையிடல் பாடத்தில் கெடுதேதி என்று ஒன்றைக் கற்பிக்கிறோம். இங்கே அதை வானம் குறிக்கிறது, மேல்முறையீடு கிடையாது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை ஓர் உற்பத்தி வரிசையாகப் பாருங்கள். விவசாயி நெல்லைக் களத்தில் குவிக்கிறார். ஈரப்பதம் பார்க்கிறார்கள், 17 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. தூற்றி, சாக்குக்கு 40 கிலோ பிடித்து, எடை போட்டு, தைத்து, அட்டி அடுக்குகிறார்கள். பட்டியல் எழுத்தர் பதிவு செய்கிறார். லாரி வந்து கிடங்குக்கோ, திறந்தவெளிச் சேமிப்பு நிலையத்துக்கோ, அரவை ஆலைக்கோ, வெளிமாவட்டம் போகும் சரக்கு ரயிலுக்கோ ஏற்றிப் போகிறது. எங்கே தேங்குகிறது? பார்க்கிறவர் கண்ணுக்குத் தராசுதான் தெரியும். வரிசை அங்கேதான் நிற்கிறது. ஆனால் பல நேரம் முடிச்சு விழுவது கடைசிக் கட்டத்தில், நெல் இயக்கத்தில். லாரி வராவிட்டால் அட்டி நிறையும். அட்டி நிறைந்தால் மேற்கொண்டு மூட்டை பிடிக்க இடமில்லை. சாக்கும் சணலும் சுமைதூக்குவோரும் தயாராக இருந்தும் தராசு ஓய்ந்து நிற்கும். களம் நிரம்பி நெல் சாலையோரத்துக்கு வரும்.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதற்குப் போதும். ஒரு நிலையம் நாளொன்றுக்கு 800 மூட்டை அனுப்புகிறது, 4000 மூட்டைக்கான நெல் குவிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவியல் சராசரியாக 5 நாள் காத்திருக்கும். லாரி பாதியாகக் குறைந்து 400 மூட்டைதான் போகிறது என்றால் 10 நாள். அந்த 10 நாளில் ஒரு மழை வந்தால் போதும். நெல் ஈரத்தை வாங்கும், முளை விடும். பிறகு ஈரப்பத வரம்பை 22 விழுக்காடு வரை தளர்த்த வேண்டும் என்று மாநிலம் கேட்பதும், ஒன்றிய அரசின் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் நீங்கள் நாளிதழில் படித்தவைதான்.

இந்த இயக்கத்தை நம்மிடம் கொடுத்தால் என்ன செய்வோம்? ஹிட்ச்காக் 1941-இல் எழுதிய போக்குவரத்துக் கணக்கை எடுப்போம். எந்த நிலையத்திலிருந்து எந்தக் கிடங்குக்கு எத்தனை டன், மொத்த வாடகை குறைய வேண்டும். லாரி வாடகைக்கு ரசீது இருக்கிறது. ஏற்றுக்கூலிக்கு ரசீது இருக்கிறது. கிடங்கு வாடகைக்கும் இருக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் நெல்லோடு படுத்திருக்கும் விவசாயியின் இரவுக்கு ரசீது இல்லை. ஆகவே குறிக்கோள் சார்பில் அதன் கெழு பூஜ்யம். கணக்கு தன் கடமையைச் சரியாகச் செய்யும்: வாடகை மலிவான இடங்களுக்கு லாரியை அனுப்பும், தூரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு நிலையத்தைக் காக்க வைக்கும். காத்திருப்புக்கு விலை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

கையிலிருக்கும் நல்ல வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. பொது விநியோகத் தானியம் போகும் வழிகளைச் சீராக்க உலக உணவுத் திட்டமும் தில்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அமைப்பும் உருவாக்கிய ‘அன்ன சக்ரா’ 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 30 மாநிலங்களில் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி ரூபாய் மிச்சம் என்பது அதன் மதிப்பீடு. டீசலும் புகையும் குறைகின்றன, வரவேற்போம். ஆனால் அது ரசீது உள்ள பக்கம். நான் கேட்பது மறுபக்கத்தை.

ஒரு விவசாயியின் இரவுக்கு என்ன விலை போடுவது, எந்த எண்ணைப் போட்டாலும் தவறாகத்தானே இருக்கும் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூஜ்யமும் ஓர் எண்தான் என்பதையும், தவறு என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த எண் அது ஒன்றே என்பதையும் மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். விலையே போட வேண்டாம். எந்தக் குவியலும் மூன்று நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடாக எழுதுங்கள். வாடகை எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். பிறகு நான்கு நாள், ஐந்து நாள் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டின் நிழல் விலை தானாக வெளியே வரும்: ஒரு நாள் காத்திருப்பைக் குறைக்க இந்த மாவட்டத்துக்கு இவ்வளவு செலவு. அந்த அட்டவணையை ஆட்சியர் முன்னால் வையுங்கள். முடிவு அவருடையது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவாக அது இருக்கும்.

சில சமயம் அந்த நிழல் விலை லாரியைக் காட்டாமல் ஒரு விதியைக் காட்டும். கொள்முதல் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்குவது நெடுநாள் வழக்கம். 2022-இல் மேட்டூர் மே 24-இலேயே திறந்தது. குறுவை முன்கூட்டியே விளைந்தது. செப்டம்பர் 1 முதல் கொள்முதல் செய்ய அனுமதி கிடைத்தது. ஒரு லாரி கூடுதலாக வாங்காமல், நாள்காட்டியில் ஒரு மாதத்தைத் தளர்த்தி மழைக்கு முன் இடம் பிடித்தார்கள். இதை எந்த ஓநாயும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அந்தத் தேதியும் ஒரு மாறி என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கெழுவில் பூஜ்யம் வைத்தால் காலம் எப்படித் திருப்பிக் கொடுக்கும் என்று திருப்பூரைக் கேளுங்கள். பின்னல், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு யூனிட்டில் நடக்கும் ஊர் அது. ஜாப் ஒர்க் என்ற ஏற்பாட்டால் இயங்கும் அதன் நெகிழ்வை வியந்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். சாயக்கழிவு நொய்யலில் போனது யார் கணக்கிலும் ஏறவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. கீழே இருந்த விவசாயிகள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் வெளியேற்றத்தை முழுதாக நிறுத்தாத சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. பூஜ்யமாக இருந்த கெழு ஒரே நாளில் மீறவே முடியாத கட்டுப்பாடாக மாறியது. துணியைச் சாயத்துக்காக வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டு, ஏற்றுமதி ஆர்டர்களின் நாள் தவறிக்கொண்டு, ஊர் திண்டாடியது. அதற்கு முன் எழுதப்பட்ட அட்டவணையிடல் ஆய்வுகளில் சாயப்பட்டறை ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு நேர அளவு, அவ்வளவே. எல்லா அம்புக்குறிகளும் அந்தக் கட்டத்தின் வழியாகத்தான் போயின.

எதிர்ப்பக்க உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிடைப்பதற்கு அரிய வளம் அறுவை மருத்துவரின் கை. அது சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்தார்கள். ஒருவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்த நோயாளி மற்றதில் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகளையெல்லாம் அவர்களிடம் கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதைத் தாங்களே செய்தார்கள். அந்த அமைப்பில் எந்த வளம் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பது மறைந்து கிடக்கவில்லை. நிறுவனமே அந்த முடிவின் மேல் எழுந்து நிற்கிறது. பணம் தர முடியாதவரும் பார்வை பெற வேண்டும் என்ற குறிக்கோளை முதலில் எழுதிவிட்டு, பிறகு கட்டுப்பாடுகளைத் தேடினார்கள். நாம் பெரும்பாலும் எழுதும் வரிசை இதற்கு நேர்மாறு.

குறிக்கோளை யாரைக் கேட்டு எழுதுகிறோம் என்ற கேள்வி வருவதால், பல அளவுகோல் முடிவெடுத்தல் பற்றியும் இரண்டு வார்த்தை. சாட்டியின் படிநிலை முறையில் எழுதிய கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. பட்டியலில் புதிதாக ஒரு வாய்ப்பைச் சேர்த்தாலே பழையவற்றின் தரவரிசை தலைகீழாகலாம் என்று பெல்ட்டனும் கியரும் 1983-இல் காட்டிவிட்டார்கள். அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல், துறையிலுள்ள மூன்று நண்பர்களிடம் ஒன்பது புள்ளி அளவில் கேட்டு ‘வல்லுநர் கருத்து’ என்று தலைப்பிடுவதை நிறுத்திக்கொள்வோமே. சரக்கு அனுப்புகிறவரைக் கேட்டீர்கள். சரக்குக்காகக் கடை வாசலில் நிற்கிறவரைக் கேட்டீர்களா?

அமர்வுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும், எத்தனை விழுக்காடு முன்னேற்றம் என்று கேட்பதற்கு முன், உங்கள் குறிக்கோள் சார்பில் யாருடைய காத்திருப்புக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். விடை வராவிட்டாலும் கேள்வி பதிவாகட்டும். நாளை மாலை அமர்வுக்குக் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தர்கள் சிலரும், லாரி ஒப்பந்தம் எடுப்பவர் ஒருவரும் வருகிறார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேசும்போது சமன்பாட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே பாயாமல், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற தரவை அடுத்த மாநாட்டுக்குள் யாராவது ஒருவர் பொதுவில் வெளியிட்டால், 1-க்கும் 99-க்கும் இடையே எண் தேடவேண்டிய அவசியம் நமக்கு இருக்காது.

முதல் அமர்வு நெல் இயக்கத் திட்டமிடல் பற்றியது. அதன் தலைவரை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.