ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார்கள். பேசுகிறேன். ஆனால் நான் பேசப் போவது 22 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பைப் பற்றி அல்ல, 60 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பைப் பற்றி. "நாங்க இன்னும் முதல் வேலைக்கே போகலையே" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அது உங்கள் கதைக்கும் வந்து சேரும்.

நான் 2010-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்தவன். நான்கு வருடம் நூற்பாலையில் பராமரிப்பு வேலை. அதன்பிறகு கோவைப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் சொன்னபோது எங்கம்மா கேட்டது இதுதான்: "இத்தனை செலவு பண்ணிப் படிச்சுப்போட்டு ராட்டாந்தூரி சுத்தற வேலைக்கா கண்ணு போறே?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரையில் கையால் தள்ளிச் சுற்றும் மரத்தூரிதான் அவருக்குத் தெரியும். ஆனால் ராட்டினமும் பொறியியல்தான். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை நிறுத்திய ஜார்ஜ் ஃபெரிஸ், பாலம் கட்டும் துறையிலிருந்து வந்த இன்ஜினியர். ஒரே சமயத்தில் 2,000 பேருக்கு மேல் ஏறலாம். நம் நாட்டில் 1984-ல் டெல்லியில் அப்பு கர் வந்தது. 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டருக்கு நம் கல்லூரியிலிருந்து டூர் போகாத செட்டே கிடையாது.

பூங்காவுக்குப் போகிறவர்கள் ராட்டினத்தைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம். டிக்கெட் கிழிப்பவரை, லாக்கர் சாவி கொடுப்பவரை, பொத்தானை அழுத்துபவரைப் பார்க்கிறோமா? நான் சேர்ந்த பூங்காவில் அந்த இடங்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். மில்லில் இருந்து வந்தவர், பஸ் கண்டக்டராக இருந்தவர், பத்திர எழுத்தர் ஒருவர்.

ஏன் வருகிறார்கள்? முதல் காரணம் கணக்கு. தனியார் துறைத் தொழிலாளிக்கு 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரம் சுலபம். சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் உச்சவரம்பு 15,000 ரூபாய். 28 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,000 ரூபாய். அந்த உச்சவரம்பும் 2014-ல்தான் வந்தது. அதற்கு முன் 6,500 ரூபாய். அந்த வருடங்களுக்குப் பழைய வரம்பில்தான் கணக்கு என்பதால் கைக்கு வருவது இன்னும் குறைவு. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் மாத்திரை வாங்குவதா, மளிகை வாங்குவதா?

இரண்டாவது காரணத்தை ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். பாண்டமங்கலத்துக்காரர். ஒரு ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டர். ஓய்வு பெற்றபின் கோவையில் மகள் வீட்டில் இருந்தார். 2017-ல் வேலை கேட்டு வந்தார். நான் வயதைப் பார்த்துத் தயங்கினேன். "ஐயா, இது நின்னுக்கிட்டே பார்க்கற வேலைங்க" என்றேன். அவர் சொன்னார்: "கொடிக்கால்ல வெத்தலை கிள்ளறவன் வயசு பார்த்தாங்க கிள்ளறான்? கண்ணு தெரியற வரைக்கும் கிள்ளறான். மாப்பிள்ளை தங்கமானவருதான். ஆனா அவருகிட்ட டீக்காசு கேக்கறது எப்படிங்க?"

கொடிக்கால் என்றதும் ஊரைக் கேட்டேன். நானும் வேலூர்ப் பக்கம்தான் என்றேன். அதுவரை "சார்" என்றவர், அன்றிலிருந்து "தம்பி" என்றார். கப்பல் ராட்டினத்தில் போட்டேன். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுமே, அதில்.

2018 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள். பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் வரும் சமயம். காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை முடிந்தது. சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வரிசையில் நூறு பிள்ளைகள். பெரியவர் பொத்தானில் கை வைக்கவில்லை. "தம்பி, மேல பேரிங்கு முனகுதுங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா, செக் பண்ணியாச்சு, ஓட்டுங்க" என்றேன். அவர் நகரவில்லை. ஆசிரியர்கள் சத்தம் போடுகிறார்கள், மேனேஜர் வாக்கி டாக்கியில் கூப்பிடுகிறார். எல்லார் முன்னாலும் நான் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசாமல் ஒரு நீளமான திருப்புளியை என் கையில் கொடுத்து, "இந்த முனையை பேரிங் கூட்டுல வையுங்க, பிடியைக் காதுல வையுங்க" என்றார்.

மேலே ஏறிப்போய் வைத்துக் கேட்டேன். ஆளில்லாமல் மெதுவாக ஆட்டச் சொன்னேன். கற்களை வாயில் போட்டு மென்றது மாதிரி ஒரு சத்தம். மூடியைத் திறந்தால் கிரீஸ் கறுத்து, அதில் இரும்புத் துகள் மினுங்கியது. உருளைகளைப் பிடித்து வைக்கும் கூண்டில் விரிசல். அன்றைக்கே விபத்து நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வாரங்கள்கூட ஓடியிருக்கலாம். ஆனால் அந்தச் சில வாரங்களில் எத்தனை பள்ளிக்கூடம் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டிக் போட்டவன் இன்ஜினியர். கேட்டது பெரியவரின் காது.

இதோடு நிறுத்தினால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். அதே வருடம் சித்திரை வெயிலில் அந்தப் பெரியவர் கட்டுப்பாட்டு மேடையிலேயே மயங்கி விழுந்தார். காலையிலிருந்து ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார். மேலே கூரை இல்லை. உட்கார ஒன்றும் இல்லை. ஆபரேட்டர் உட்கார்ந்தால் கவனம் சிதறும் என்று நாற்காலியை எடுக்கச் சொன்ன சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். நல்ல வேளை, கப்பல் அப்போது நின்றிருந்தது. முதலுதவி அறையில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சம்பளம் பிடிப்பாங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது, நண்பர்களே.

பிறகு நான் செய்தது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் கண் மட்டம் மாறாத உயரத்தில் ஒரு ஸ்டூல். கை எட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தான். மேலே தகரக் கூரை, அதன்மேல் தென்னங்கீற்று. நாற்பது நிமிடம் ராட்டினம், இருபது நிமிடம் நிழலில் கேட் வேலை என்று முறை மாற்று. வருடம் ஒருமுறை கண், ரத்த அழுத்தப் பரிசோதனை. வழுக்கும் தண்ணீர்ச் சறுக்கிலும், ஏணி ஏறும் வேலையிலும் பெரியவர்களைப் போடுவதில்லை. வயதுக்கு மரியாதை என்பது கும்பிடுவது மட்டும் அல்ல, வேலையைப் பிரித்துக் கொடுப்பதும்தான்.

நான் தாமதமாகப் புரிந்துகொண்டதைச் சட்டமும் பின்னால் சொன்னது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் போராட்டத்தால் கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று சேர்த்தது. 1947-ல் வந்த அந்தச் சட்டத்தில் நிறுவனம் என்றால் கடை மட்டும் அல்ல. பொதுமக்கள் பொழுதுபோக்கும் இடமும் அதற்குள் வரும்.

வெளிநாட்டில் எப்படி? 1971-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தார்கள். குளிருக்குப் பயந்து ஓய்வு பெற்றவர்கள் குடியேறும் மாநிலம் அது. அதனால் கேட்டிலும் கடையிலும் பகுதி நேரமாக வேலை பார்க்கும் தாத்தா பாட்டிகளை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்கள் சட்டையில் பேட்ஜ் இருக்கும். அதில் பெயரும், கீழே சொந்த ஊரும் இருக்கும். சிங்கப்பூரில் 2012 முதல் மறுவேலைக்கென்றே சட்டம் உண்டு. 2022 ஜூலையில் ஓய்வு வயதை 63 ஆக்கினார்கள். தகுதியும் உடல்நலமும் இருந்தால் 68 வரை வேலை தர முதலாளி முன்வர வேண்டும் என்றார்கள். அங்கேயும் எல்லாரும் ஆசைக்காக வரவில்லை, வாடகைக்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் விதி என்ன என்பது எழுத்தில் இருக்கிறது.

அந்தப் பேட்ஜ் விஷயம் எனக்குப் பிடித்துப்போய், எங்கள் பூங்காவிலும் நம்பரை எடுத்துவிட்டுப் பெயரும் ஊரும் போட்டோம். பெரியவருக்கு "வேலூர்" என்று அடித்து வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். "இப்படிப் போட்டா வடக்க இருக்கற வேலூருன்னு நெனைச்சுக்குவாங்க தம்பி. பரமத்தி வேலூருன்னு போடச் சொல்லுங்க." அதன்பிறகு நாமக்கல், கரூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பேட்ஜைப் பார்த்துவிட்டு நின்று பேச ஆரம்பித்தார்கள். "ராஜா வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்களா?" என்று அவர் விசாரிப்பார்.

இளைஞர்களின் வேலையைப் பெரியவர்கள் பிடுங்குகிறார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் அந்தப் பொத்தான் வேலைக்கு வரும் 20 வயதுப் பையன் இரண்டு மாதத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவான், போகவும் வேண்டும். ஆனால் பெரியவர் கிடைக்கிறார் என்று சம்பளத்தைக் குறைத்தால், அது இருவர் வயிற்றிலும் அடிப்பதாகும். அதே வேலைக்கு அதே கூலி என்று இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

இங்கே வந்திருக்கும் முன்னாள் மாணவர்களில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு, கோழிப்பண்ணை, ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் கேட்டில் ஒரு பெரியவர் வாட்ச்மேனாக நிற்பார். அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று ஒருமுறை கேளுங்கள். வேலை நேரத்தையும் கூலியையும் விடுப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தம்பி, தங்கைகளே, நீங்கள் நாளைக்கு ஒரு இயந்திரத்தை வரைந்தால், அதை ஓட்டுபவர் எங்கே உட்காருவார் என்பதையும் அதே தாளில் வரையுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் 60 வயது வரும்.

பெரியவர் 2022-ல் இரண்டாவது முறையாக ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். ஒரு ஆடிப்பெருக்கு அன்று ஜேடர்பாளையம் அணைக்குப் போனவன், வழியில் பாண்டமங்கலத்தில் இறங்கி அவரைப் பார்த்தேன். மோர் கொடுத்தார். "கப்பல் இப்ப முனகுதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, தினமும் திருப்புளி வைச்சுக் கேக்கறோம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்டூலு?" என்றார்.

"இருக்குதுங்க ஐயா. இப்ப எல்லா ராட்டினத்துக்கும் ஒண்ணு இருக்குது."