41 கோடுகள்

(மாதுங்காவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



செஸ்ஸில் டிரா என்றால் உப்புச்சப்பில்லை என்று நம்மில் பலருக்கு அபிப்பிராயம். 2018-ல் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டங்களும் டிராதான். அது பெரியவர்கள் சமாசாரம். நான் சொல்ல வந்தது எங்காத்துக் கூடத்து ஆட்டம்.

செம்பூரிலிருந்து என் சிநேகிதர் ஞாயிறுதோறும் வருவார். முப்பது வருஷப் பழக்கம். ஒரு வாரம் அவர் ஜெயித்தால் மறுவாரம் நான். போன மாதம் ஒருநாள் என் கை ஓங்கியிருந்தது. அவரிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜா, பிஷப், ஓர வரிசையில் ஒரு சிப்பாய்.

"டிரா வைத்துக்கொள்வோமா?" என்றார்.

"ஏன் ஓய், பயமா?" என்றேன்.

விஷயம் இதுதான். என் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் கறுப்பு. என் பிஷப் ஓடுவதோ வெள்ளையில். அவர் ராஜா மூலையில் உட்கார்ந்துவிட்டால் கிளப்ப வழி கிடையாது. நெருக்கினால் அவருக்கு நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதுவும் டிராதான். தெரிந்தும் மனசு ஒப்பவில்லை.

"2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் என்ன பண்ணினான்? 14-வது ஆட்டம் டிரா என்று எல்லாரும் நினைத்தபோது விடாமல் ஆடினானே!"

"அங்கே டிங் லிரனிடம் ரூக்கும் பிஷப்பும் இருந்தது. 55-வது நகர்த்தலில் ரூக்கைத் தப்பாக வைத்தார். குகேஷ் இரண்டையும் வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொண்டு சிப்பாயை வைத்தே ஜெயித்தான். இங்கே நானாக மூலையை விட்டுப் போனால்தான் உமக்கு வழி. ஆடும், எண்ணுகிறேன்."

சிப்பாய் நகராமல், வெட்டும் விழாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்பது விதி. அவர் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். நான் பிஷப்பை இங்கும் அங்கும் ஓட்டினேன். இருட்டிவிட்டது. ஆத்துக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

முப்பது தாண்டியபின் கோடுகள் கோணலாக விழுந்தன. அவர் விரல் நடுங்கிற்று. சர்க்கரைக்காரர், சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. அது எனக்கும் தெரியும். அசதியில் ராஜாவைத் தப்பாக நகர்த்துவார் என்றுதானே நான் காத்திருந்தேன்? அதற்குப் பிறகும் நாலைந்து நகர்த்தல் ஆடினேன் என்பதையும் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

41-வது கோட்டில் கையை நீட்டினேன்.

"இன்னும் 9 இருக்கே?"

"போதும் ஓய், சாப்பிட வாரும்."

இலையில் உட்கார்ந்து இரண்டு கவளம் இறங்கிய பிறகுதான் பேசினார். "அடுத்த வாரம் வெள்ளைக் காய் எனக்கு."