மல்லிகையும் பழ ஈயும்

பாளையம்பட்டியில் காலையிலேயே மல்லிகை கட்ட உட்கார்ந்துவிடும் அக்காவிடம், "என்னக்கா, வாசனை தூக்குதே!" என்று சொல்லிப் பாருங்கள். "எங்கே?" என்பார். மூக்கில் கோளாறில்லை. இது பழகிய வாசனை, கவனிக்க வேண்டாம் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயும் இப்படித்தான். ஒரே வாசனையில் 30 நிமிடம் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு அதைச் சட்டைசெய்யாது. 4 நாள் வைத்தால் அந்தப் பழக்கம் நாள்கணக்கில் நிற்கும். நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்களில், அடக்கிவைக்கும் இணைப்புகள் வலுத்துவிடுவதே காரணம்.

ஈயின் மூளையில் சுமார் 1,40,000 நரம்புச் செல்கள்தான். முட்டை ஈயாக 10 நாள் போதும். நாம் விரட்டுகிற பூச்சிக்கு ஆய்வுக்கூடத்தில் ராஜ மரியாதை!

டப்ளினிலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் பணியாற்றிய மணி ராமசுவாமியின் குழு 2018இல் கண்டது விசித்திரமானது. அந்த நீண்ட நாள் பழக்கத்துக்கு அடாக்சின்-2 என்ற புரதம் வேண்டும். அதில் ஒரு துண்டை நீக்கினார்கள், ஞாபகம் தங்கவில்லை. ஆனால், ஸ்டீபன் ஹாக்கிங்கை முடக்கிய ஏ.எல்.எஸ். நோய்க்கான மரபணுக் கோளாறை ஏற்றிய ஈக்களில் நரம்புச் சிதைவு குறைந்தது! ஞாபகத்துக்காக அந்தத் துண்டின் மூலம் புரதம் ஒன்றுதிரளும் அதே குணம் சிதைவுக்கும் துணைபோகிறது.

அடாக்சின்-2ஐக் குறைக்கும் மருந்து ஒன்றை நோயாளிகளிடமும் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை, 2024இல் நிறுத்திவிட்டார்கள். ஈக்களிடம் ஆய்வு தொடர்கிறது.