அகதியின் வீடும் அந்நியர் உதவியும்
(தம்பிலுவிலில் ஆற்றிய உரை)



1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபோது அங்கிருந்த யூதர் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர். 1951 முடியுமுன் வந்திறங்கிய யூத அகதிகளும் குடியேறிகளும் ஏறக்குறைய அதே தொகையினர். கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் அவர்கள் தங்கினர். உணவு பங்கீட்டு முறையிலே வழங்கப்பட்டது. அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி 1949இல் பத்துக் கோடி டொலர் கடன் அளித்தது. 1952இல் மேற்கு ஜேர்மனி முந்நூறு கோடி மார்க் இழப்பீடு தர உடன்பட்டது.

அந்நிலத்தை இழந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீன மக்களுக்குக் கிடைத்ததோ, 1949இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிவாரண நிறுவனத்தின் மாவும் கூடாரமும். வந்தவனுக்கு மூலதனம், போனவனுக்குப் படியளப்பு! போனவன் விட்ட வீட்டிலேயே வந்தவர் பலர் குடியேற்றப்பட்டனர் என்பதையும் மறைத்தற்கில்லை.

1990, 1991 ஆகிய ஈராண்டுகளில் சோவியத் நாட்டினின்று மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் வந்தனர். இஸ்ரேல் அமெரிக்காவிடம் ஆயிரம் கோடி டொலருக்குப் பிணை கேட்டது. பணமன்று, பிணை. போடியார் ஒருவர் பிணை நின்றால் சிறு வேளாண்மைக்காரனுக்கும் குறைந்த வட்டியிலே கடன் கிடைக்குமல்லவா? அதுபோன்றதே இது. பிடித்த நிலத்திலே குடியேற்றம் அமைப்பதை நிறுத்தாவிடில் பிணை இல்லை என்று சனாதிபதி புஷ் 1991இல் தடுத்து வைத்தார். றபீன் பதவியேற்ற பின்னரே, 1992இல், அது கிடைத்தது. "யாருடைய நிலத்திலே வீடு கட்டுகிறாய்?" என்று கொடுப்பவன் கேட்டான். பின்னாளில் அக்கேள்வி எவ்வளவு தளர்ந்து போயிற்று என்பது வேறு கதை.

நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உதவியைப் பங்கிட 2005 ஜூன் மாதத்தில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு ஒப்பமிட்டனர். இக்கரையில் பேரிழப்புக்குள்ளான முஸ்லிம் மக்களைக் கையொப்பமிடும் தரப்பாக எவரும் சேர்க்கவில்லை. அது நம் பக்கத்துப் பிழையுங்கூட. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையிலே சவூதி அரேபியா ஐந்நூறு வீடுகள் கட்டிக் கொடுத்தது. முஸ்லிம்களுக்கு மட்டும் அவற்றை வழங்கலாகாதென வழக்கு எழுந்தது. வீடுகளோ பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புதர் மண்டிப் பூட்டிக் கிடந்தன. கதவும் ஓடும் களவு போயின. கடல் வீட்டை அள்ளிச் சென்ற அயலூரான் வாடகைக் குடிசையிலே இருக்க, அவ்வீடுகள் பாழாகியதால் தம்பிலுவில் தமிழனுக்கு ஒரு பிடி மண்ணாவது கிடைத்ததா? கிடைத்தது பகை மட்டுமே.

அங்கே கேள்வி முன்னரே கேட்கப்பட்டது. இங்கே அத்திவாரமிட்டு, கூரை வேய்ந்து, சாவி கையளிக்கும் வேளையிலேதான் கேட்கப்பட்டது. இனி எந்த நாட்டு உதவி வந்தாலும், காணி யாருடையது, பயனாளி யார் என்னும் பட்டியல் முதற்கல் நாட்டுமுன் பிரதேச செயலகச் சுவரிலே ஒட்டப்படல் வேண்டும். அதனைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வாசித்து, மறுப்பிருந்தால் அன்றே சொல்லல் வேண்டும். இக்கோரிக்கையை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையொப்பமிட விரும்புவோர் மேடைக்கு வரலாம். நாளை இதனை அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலுக்கும் எடுத்துச் செல்வேன்.