நாவறியும் நெல்

அக்கரைப்பற்றின் வயல்வட்டைகளில் பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளும் நாட்களில், உழவனுடைய கண் வானத்தைவிடப் பயிரின் இலைமீதே அதிகம் படியும். மப்பான பகலும் பனி நீங்காத காலையும் தொடர்ந்து வருமானால், சாம்பல் நடுவும் கபில விளிம்பும் உடைய கண்வடிவப் புள்ளிகள் இலையிலே தோன்றும். எரிபந்தம் என்னும் பூஞ்சண நோய் அது. கதிரின் கழுத்தைப் பற்றிவிட்டால் மணி பிடிக்காது, பதரே மிஞ்சும். யூரியாவை அள்ளி வீசிய வயலிலே அதன் கொடுமை இன்னும் கூடும்.

முருங்கைக்காயன் 302 என்னும் நாட்டு நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து, இந்நோயைத் தாங்கவல்ல எச் 4 இனத்தை இலங்கை ஆராய்ச்சியாளர் ஆக்கினர். 1950களின் பிற்பகுதியில் வயலுக்கு வந்த அந்நெல்லின் அரிசி சிவப்பு. ஆயினும், நோயை வென்ற நெல் உலையிலும் வெல்ல வேண்டுமன்றோ? உண்பவர் ஒதுக்கிய அரிசியைக் கொள்வார் யார்?

இவ்வச்சம் வீணன்று. ஜப்பானிய மேட்டுநில நெல்லொன்று எரிபந்தத்தை நெடுங்காலம் தாங்கி நின்றது. அதனோடு கலந்து பிறந்த இனங்களிலோ சோற்றின் சுவை குன்றியது. நோயெதிர்ப்பின் விலையே சுவைக்கேடு என்று எண்ணப்பட்டது. 2009இல் வெளியான ஆய்வு அம்முடிச்சை அவிழ்த்தது. எதிர்ப்பைத் தரும் மரபணு வேறு, சுவையைக் கெடுப்பது வேறு. இரண்டும் மிக நெருங்கி அமர்ந்திருந்தமையால் ஒன்றாகவே வந்தன. அவற்றைப் பிரிக்கவும் முடிந்தது. திராட்சையிலும் இதுவே கதை: நோய் தாங்கும் அமெரிக்கக் கொடிகள் சிலவற்றின் கனியை அதன் தனி வாடையே காட்டிக் கொடுத்துவிடும்.

பிரிந்ததா என்பதை நாவைக் கொண்டே சோதிக்கலாம். மூன்று தட்டுகள், இரண்டில் ஒரே சோறு, ஒன்றில் வேறு. தவிட்டின் சிவப்பு முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுமாதலால், உண்பவரின் கண்ணைக் கட்டுதல் வேண்டும். கறி கூடாது, மீன்குழம்பு ஊற்றிய பின் எந்த நாவின் சாட்சியும் செல்லாது! 30 பேர் உண்டால், குருட்டு ஊகத்தாலேயே சுமார் 10 பேர் வேறான தட்டைச் சரியாகச் சுட்டுவர். 15 பேராவது சுட்டினாலன்றி, வேறுபாடு தெரிந்தது என்று கொள்வதற்கில்லை. அவ்வாறு தெரிந்தாலும், அவர்கள் அச்சோற்றை விரும்புகின்றனரா என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.