ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?

குடும்பத்தில் முதல் ஆளாக இந்தப் பட்டமளிப்பு அங்கியை அணிந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாழ்த்து.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வண்டியோடு போகிறவர்கள் மாதக்கணக்கில் ஒரே சட்டியில் ஆக்கி உண்கிறார்கள். ஊர் திரும்பினால் ஒருவர் ஊருக்குள் போகிறார், இன்னொருவர் காலனிக்குப் போகிறார். மாரியம்மன் பண்டிகைக்கு ஒருவரிடம் வரி வாங்குவார்கள். மற்றவர் நீட்டினாலும் வாங்காத ஊர்கள் இன்னும் உண்டு. 2024 மே மாதம் சேலம் மாவட்டம் தீவட்டிப்பட்டியில் கோயிலில் வழிபடும் உரிமையைக் கேட்டதில் கலவரம் மூண்டு கடைகள் எரிந்தன.

படித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 2015 ஜூனில் ஓமலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனார். சாதிக்காகக் கொல்லப்பட்டார்; பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல்தான் கிடைத்தது. அவரும் பொறியியல் பட்டதாரி. 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது நீதிமன்றம். அவரைப் பெற்ற தாய்க்கு மகன் திரும்பி வரவில்லை.

இதே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில்தான் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கி, தீண்டாமை ஒழிப்பை அதன் வேலையாக வைத்தார். பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன்தார் சுப்பராயன் கோயில் நுழைவு மசோதா கொண்டுவர முயன்றார். 1933-இல் வைஸ்ராய் அனுமதி மறுத்தார். வழிகாட்ட ஆள் இல்லாத மண் அல்ல இது.

பட்டதாரிகளே, உங்களைக் கேட்கிறேன். விடுதியில் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட நண்பன் வீட்டுக்கு வருகிறான். அப்பத்தா அன்பாகத்தான் கேட்கிறார்: "எந்த ஊரு கண்ணு? ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?" பதிலைப் பொறுத்துக் காபி எவர்சில்வர் டம்ளரில் வரும், அல்லது பேப்பர் கப்பில் வரும். டீக்கடை இரட்டைக் குவளைக்காவது வழக்குப் போடலாம். இந்தப் பேப்பர் கப்பை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

வெளிநாடு போனால் விட்டுப்போகும் என்றும் எண்ணாதீர்கள். சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் மாநகர மன்றமே சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அங்கே அதைச் சுமந்துபோனவர்கள் நாம்தான்.

இந்த மாதமே அந்த விடுதி நண்பரை வீட்டுக்கு அழையுங்கள். நடுவீட்டில் உட்காரவைத்து, நீங்கள் உண்ணும் தட்டிலேயே சோறு போடுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் பொறுமையாகப் பேசுங்கள், தட்டை மட்டும் மாற்றாதீர்கள். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய், அவர் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.