நாணமும் நலமும்

தமிழ் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஒன்று உண்டு. அவையிலே சொல்லக் கூசும் ஒன்றை மறைத்து, வேறு சொல்லால் குறிப்பிடுவது அது. கால் கழுவி வந்தான் என்கிறோம். குழந்தை ஒன்றுக்குப் போயிற்று என்கிறோம். இது நாகரிகத்தின் அடையாளம். இதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், அவைக்கு அழகாகிய இந்த அடக்கம் நோயாளியின் கட்டிலருகே தீங்காய் முடிவதும் உண்டு. அதனை நம் வீட்டிலேயே கண்டோம்.

நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பதே நம் பிழைப்பு. தாயார் காலமான பின் மாயவரத்தில் தனியே இருந்த நம் தந்தையார், 66 வயதில், ஒரு கார்த்திகை மாதம் சிகிச்சைக்காகத் தில்லிக்கு வந்தார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால் அது சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. தலைநகரின் மருத்துவமனை ஒன்றில் அச்சுரப்பியை முழுவதும் அகற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இச்சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. சிறுநீர்ப் பையின் கீழே, சிறுநீர் வெளிவரும் பாதையைச் சூழ்ந்து, ஓர் அக்ரூட் காயின் அளவில் இருப்பது. முதுமையில் அது பருத்துப் பாதையை அடைப்பதுண்டு. அது புற்றுநோயன்று. அதற்கு மருந்து போதாதபோது, அடைக்கும் சதையை மட்டும், பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி நீக்குவார்கள். 2007 செப்டம்பரில், அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அவர்களுக்கு இதே தில்லியில், எய்ம்ஸ் மருத்துவமனையில் புராஸ்டேட் அறுவை நடந்தது; அதன்பின் 2014 மே வரை அவர் அப்பதவியை வகித்தார்.

புற்றுநோயாயின் சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டி வரலாம். 1904இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்பவர் இதனைச் செய்து வழிகாட்டினார். 1982இல் அங்கேயே பாட்ரிக் வால்ஷ் என்பவர், ஆண்மைக்குரிய நரம்புகளைக் காத்துச் செய்யும் முறையை வகுத்தார். 2003 பிப்ரவரியில் அங்கே இச்சிகிச்சை பெற்ற ஜான் கெர்ரி, மறு ஆண்டே தம் நாட்டின் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டார். ஆகவே இது மனிதனை மூலையில் அமர்த்திவிடும் சிகிச்சையன்று. ஆனால் டாக்டரின் கைவேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சிய வாரங்களும் மாதங்களும் வீட்டாரின் பொறுப்பு.

முதல் பத்து நாட்கள் டியூபும் பையுமாகக் கழிந்தன. டியூபின் உள்முனையில் நீர் நிறைந்த சிறு பலூன் அதனை இருத்தி வைக்கிறது. ஆதலால் அதனை இழுக்கவே கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பினால் கை கழுவ வேண்டும். நீர் இளஞ்சிவப்பாக வந்தால் அஞ்ச வேண்டாம். கட்டிகட்டியாக இரத்தம் வந்தாலும், நீர் இறங்காமல் நின்றுவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலச்சிக்கல் ஆகாது, முக்குவது உட்புண்ணுக்குக் கேடு. பப்பாளியும் கீரையும் தாராளமாய்க் கிடைக்கும் ஊர் இது. இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

தொல்லை டியூபை எடுத்த பிறகே தொடங்கிற்று. இருமினால், எழுந்தால், சிரித்தால் சிறுநீர் கசிந்தது. சுரப்பியோடு சிறுநீரைத் தடுக்கும் அமைப்பின் ஒரு பகுதியும் போய்விடுவதால் இது இயல்பே. பெரும்பாலோர்க்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைவது. தந்தையாரோ இதனைத் தம் மானத்துக்கு நேர்ந்த இழிவாகக் கொண்டார். நம் குடியிருப்பில் அறைகள் இரண்டே. மருமகள் நடமாடும் இடம். பேரப்பிள்ளை விளையாடும் இடம். நனைந்த வேட்டியை விடியுமுன் தாமே அலசினார். தில்லிக் குளிரில் கைகள் விறைத்தன. நாம் கேட்டால், “ஒன்றுமில்லை, தம்பி” என்பார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது டாக்டர் இந்தியில் கேட்டார்: கசிவு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைகிறது என்று. தந்தையார் நம் முகத்தைப் பார்த்தார். “ஏதோ இருக்கிறது, நீயே சொல்லிவிடு” என்றார். பேட் என்ற ஒன்றை அவர் வாங்கவே இல்லை என்பதும் நமக்குத் தெரியாது. கேட்கவும் நா எழவில்லை. “கொஞ்சம் சிரமம் இருக்கிறது” என்று இந்தியில் கூறி முடித்தோம். சொல்லை எடைபோட்டு ஊதியம் வாங்கும் நாம், பெற்ற தந்தைக்காகப் பேசியபோது பொருளை விழுங்கிவிட்டோம். டாக்டரும் தலையசைத்து அனுப்பிவிட்டார்.

ஆறாம் நாள் நள்ளிரவில் தந்தையாருக்குக் குளிர் நடுக்கத்துடன் கடுஞ்சுரம். மூடுபனியில் டாக்ஸி பிடித்து ஓடினோம். அங்கே இரவுப் பணியில் இருந்த கேரளத்து நர்ஸ் ஒருவர், தமக்குத் தெரிந்த தமிழில் நேராகவே கேட்டார்: “அப்பா, மூத்திரம் ஒழுகுகிறதா? நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறீர்கள்? தண்ணீர் குடிக்கிறீர்களா?” தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “ஐந்தாறு துணி. அதனால்தான் தண்ணீரைக் குறைத்துவிட்டேன், அம்மா. மருமகள் எதிரில் நனைத்துக்கொண்டு எப்படி நிற்பது?” என்றார்.

சுரத்துக்குக் காரணம் சிறுநீரில் கிருமி சேர்ந்ததே. கசியுமே என்று நீரை நிறுத்துவது தவறான கணக்கு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். கிருமியும் எளிதில் தங்கும். மருந்தினால் சுரம் தணிந்தது. ஆனால் அந்தச் சில வார்த்தைகளை நாமே முன்பே கேட்டிருந்தால் அந்த இரவு வந்திராதன்றோ?

அதன்பின் நம் வீட்டில் ஒரு மாறுதல் வந்தது. நம் மனைவி கடையிலிருந்து பேட் வாங்கி வந்து, குளியலறையில் மூடியோடு ஒரு வாளியும் வைத்தாள். “மாமா, பிள்ளை பெற்று வந்தபோது எனக்குப் பத்தியம் பார்த்தார்கள், இப்போது உங்களுக்குப் பத்தியம்” என்றாள். அவள் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பதைப் பின்னரே அறிந்தோம். கசிவை நிறுத்தக் கற்றுத்தரும் பயிற்சியை 1948இல் எழுதிப் பரப்பியவர் ஆர்னால்டு கெகல் என்னும் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். பிள்ளை பெற்ற தாய்மாருக்காகவே அதனை வகுத்தார். காற்றுப் பிரியாமல் அடக்குவது போல அடிவயிற்றின் கீழ்த்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடையை இறுக்கலாகாது. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. டியூப் உள்ளே இருக்கும்போது செய்யாமல், டாக்டர் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

முதல் ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்குவதும், ஸ்கூட்டரில் குலுங்குவதும் ஆகா. மெல்ல நடப்பது நன்று. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதிக்கலாகாது. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறக்கூடும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை செய்வார்கள். சுரப்பியே இல்லாததால் அந்த எண் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு இறங்க வேண்டும். பின்னரும் ஆண்டுக்கணக்கில் இதனைப் பார்த்துவர வேண்டும்.

இன்னுமொன்று. மனைவியோடு வாழ்பவர்க்குத் தாம்பத்திய உறவில் தளர்ச்சி தோன்றலாம். நரம்புகள் தேற இரண்டாண்டு வரை ஆவதுண்டு. விந்து வெளிப்படாது, ஆனால் இன்ப உணர்ச்சி போய்விடுவதில்லை. இதற்கு மருந்துகளும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் பேசத்தக்கது இது.

பொங்கலுக்கே மாயவரம் போய்விட வேண்டும் என்று துடித்த தந்தையார், சித்திரை வரை இருந்தார். சென்னைக்கு ரயிலில் இரண்டு இரவுப் பயணமன்றோ? புறப்படுமுன் கடைசியாக டாக்டரிடம் சென்றபோது, நாம் வாய் திறக்குமுன் அவரே ஒரு விரலை உயர்த்தி, “தின் மே ஏக் பேட்” என்றார். நாளுக்கு ஒன்று. டாக்டர் சிரித்து, அதனைத் தாளில் குறித்துக்கொண்டார்.

நேயர்களே, மொழி வேறான ஊர்களில் வாழும் நமக்கு, பெற்றோரின் நோயை மருத்துவரிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு அடிக்கடி வருகிறது. புறப்படுமுன் வீட்டிலேயே அவர்களிடம் ஒளிவின்றிக் கேளுங்கள். கேட்டதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கேட்டால் எண்ணையே சொல்லுங்கள். இடக்கரடக்கல் அவைக்கு இருக்கட்டும். மருத்துவர் முன் வேண்டாம்.